ஏற்றத்தில் திணறும் பைக்: சாமான் மாற்ற முந்தி பெற்றோலைப் பாருங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பைக் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் பைக் ஓடும் மகனோ தம்பியோ இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கொஞ்ச நாளாக எங்கே நான்கு பேர் கூடினாலும் ஒரே முறைப்பாடுதான் காதில் விழுகிறது. "பைக் இழுக்குதில்ல." "அக்சிலேட்டர் திருகினா ஒரு செக்கன் யோசிச்சிட்டுத்தான் போகுது." "ஏத்தத்துல முக்குது, சோக் இழுத்தா போகுது." இதற்குப் பிறகு நடப்பதும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். முதலில் பிளக் மாற்றுவது. சரிவரவில்லையென்றால் எயார் பில்டர். அதுவும் இல்லையென்றால் கார்புரேட்டர். கடைசியில் "என்ஜின் செய்யணும்" என்ற வார்த்தை வரும்போது கையில் இருந்த காசு முடிந்திருக்கும், பைக் அதே இடத்தில் திணறிக்கொண்டிருக்கும்.

நாங்கள் சொல்ல வந்தது ஒரே ஒரு விசயம். என்ஜின் திணறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே போகும் பெற்றோலையும் அது போகும் வழியையும்தான். அதைப் பார்க்கப் பெரிய செலவு இல்லை. ஒரு கண்ணாடிப் போத்தல், ஒரு ஸ்குரூ டிரைவர், அரை மணித்தியாலம் போதும்.

சம தரையில் ஓடுகிறவர்களுக்கு இது ஒரு தொல்லை மட்டும்தான். நமக்கு அப்படி இல்லை. டவுனில் இருந்து குளத்தைச் சுற்றி அம்பிட்டிய வீதியில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். வளைவும் ஏற்றமும் சேர்ந்து வரும் இடத்தில், பின்னால் தலாத்துஓயா பஸ் நெருக்கிக்கொண்டு வரும்போது, பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு அக்சிலேட்டரைத் திருகுகிறோம். அந்த ஒரு செக்கனில் என்ஜின் "ம்ம்" என்று அமுங்கினால், பைக் பின்னுக்குச் சரியும். கால் ஊன்ற இடமும் இருக்காது. ஆகவே இது காசைப் பற்றிய கதை மட்டும் இல்லை.

எங்கள் வீட்டு பைக்கின் கதையைச் சொல்கிறோம். அது 100 சிசி இந்திய பைக், பழைய கார்புரேட்டர் வகை. 2022 ஜூன் மாதம் யாருக்கும் மறக்காது. 92 ஒக்டேன் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறிய மாதம். ஜூன் 27 நள்ளிரவில் இருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். பாடசாலைகளும் மூடின, பிறகு திறந்தபோதும் வாரத்தில் மூன்று நாட்கள்தான். எங்கள் பைக், டேங்கில் கால்வாசிப் பெற்றோலுடன் முன் விறாந்தையில் நின்றது. ஜூலை நடுவில் கியூஆர் பதிவு தொடங்கியது. ஓகஸ்ட் முதலாம் திகதி முதல் நாடு முழுக்க அந்த முறைதான். பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர்.

அந்த 4 லீற்றரை அடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போகத் தொடங்கியபோதுதான் வருத்தம் தெரிந்தது. காலையில் சோக் இழுக்காமல் ஸ்டார்ட் ஆகாது. சம இடத்தில் பரவாயில்லை. ஏற்றத்தில் கை திருகினால் திணறல். சோக்கை அரைவாசி இழுத்து வைத்தால் ஏறும், ஆனால் பெற்றோல் தண்ணீராக ஓடும். நல்ல நிலையில் லீற்றருக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடும் பைக் அது. 4 லீற்றர் என்றால் கிழமைக்கு 200 கிலோமீற்றர். பாடசாலை, கடை, பிள்ளையின் டியூஷன் எல்லாம் அதற்குள் அடங்கும். சோக் இழுத்து ஓடிய கிழமையில் வியாழக்கிழமையே டேங்க் காய்ந்தது. காசு கொடுத்தாலும் அடுத்த கிழமை வரை மேலதிகமாக ஒரு சொட்டு கிடைக்காத காலம் அது.

டவுனில் ஒரு கராஜில் காட்டினோம். "கார்புரேட்டர் முடிஞ்சு, புதுசு போடணும்" என்றார்கள். அப்போது இறக்குமதிச் சாமான்களின் விலை எங்கே நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஆசிரியர் சம்பளத்தில் பெரிய துண்டு ஒன்று போய்விடும். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

எங்கள் ஊர்ச் சரிவில் சின்ன கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவரிடம் போனோம். பைக்கை ஸ்டார்ட் கூடப் பண்ணவில்லை அவர். "ஸேர், சாமான் மாத்த முந்தி எண்ணெய பாப்பம்" என்றார். வெறும் ஜாம் போத்தல் ஒன்றைக் கார்புரேட்டருக்குக் கீழே பிடித்து, அடியில் இருந்த சின்ன ஸ்குரூவைத் தளர்த்தினார். வந்த பெற்றோல் தேயிலைச் சாயம் போல் மண்ணிறமாக இருந்தது. பெற்றோல் மணமும் இல்லை, பழைய பெயின்ட் மாதிரி ஒரு நாற்றம். போத்தலின் அடியில் முத்து மாதிரி இரண்டு சொட்டுத் தண்ணீர் தனியாக உருண்டது. கூடவே துருத் தூள். "இத குடிச்சிட்டு ஆர்தான் ஏத்தம் ஏறுவாங்க?" என்று கேட்டார்.

அன்று கழற்றிக் கழுவியதற்கு அவர் எடுத்த கூலி, புதிய கார்புரேட்டரின் விலைக்குப் பக்கத்திலும் வராது. அதே கார்புரேட்டர் இன்று வரை எங்களை ஏற்றி இறக்குகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஏன் இப்படி ஆனது? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல் சொல்கிறோம்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் மிதவை ஒன்று. நம் வீட்டுக் கழிவறைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவை உயர்ந்து குழாயை அடைக்கிறதே, அதே வேலைதான். கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல், ஜெட் என்ற பித்தளைத் துண்டுகளின் நடுத் துளை வழியாக உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றரை விடவும் சிறியது. தலைமயிர் ஒன்று நுழையலாம், ஊசி நுழையாது. காற்றும் பெற்றோலும் நிறையில் ஏறத்தாழ 14.7க்கு 1 என்ற அளவில் சேர்ந்தால்தான் முழுமையாக எரியும். பெற்றோல் குறைந்தால் என்ஜின் திணறும். கூடினால் கறுப்புப் புகை வரும், இழுவையும் குறையும்.

பெற்றோல் என்பது ஒரே பொருள் இல்லை, பல பொருள்களின் கலவை. சீக்கிரம் ஆவியாகும் இலேசான பகுதிதான் காலையில் ஸ்டார்ட் ஆக உதவுவது. பைக் வாரக்கணக்கில் நிற்கும்போது முதலில் பறந்து போவதும் அதுதான். மிஞ்சும் பகுதி காற்றோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டும். கிண்ணத்தில் இருப்பது கொஞ்சப் பெற்றோல்தானே, அது காயும்போது பிசின் நேரே ஜெட் துளையில் போய் உட்காரும். டேங்கில் பெற்றோல் குறைவாக இருந்தால் மேல்பகுதி முழுக்கக் காற்று. நம் ஊர்க் குளிரில் இரவில் அந்தக் காற்றின் ஈரம் தகட்டில் படியும், துரு பிடிக்கும். தண்ணீர் பெற்றோலை விடப் பாரமானது. ஆகவே அது எப்போதும் அடிக்கு இறங்கி, முதலில் கார்புரேட்டருக்குள் போகும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் நம் வீதிகளில் ஓடுவதில் பெரும்பகுதி பழைய கார்புரேட்டர் பைக்குகளே. அத்தோடு மகன் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் அவனுடைய பைக் விறாந்தையில் துணி போர்த்தி நிற்கிறது. லீவுக்கு வந்தவன் பழைய பெற்றோலோடு ஸ்டார்ட் பண்ணி நேரே ஏற்றத்தில் ஏறுகிறான்.

இனி வரிசையாகச் சொல்கிறோம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் சிகரெட்டும் அடுப்பும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பிழை என்று கடைசி வரை தெரியாது.

1. கிண்ணத்து ஸ்குரூவைத் தளர்த்திக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். நிறம், மணம், அடியில் தண்ணீர், துரு. இந்த நான்கையும் பாருங்கள்.

2. அதே ஸ்குரூவைத் திறந்தபடி, டேங்கின் டெப்பையும் திறந்து விடுங்கள். பெற்றோல் ஒரே சீராக ஓட வேண்டும். முதலில் ஓடி, பிறகு நூலாகி, சொட்டாகி நின்றால், டெப்பின் வடி அடைத்திருக்கிறது, அல்லது டியூப் மடிந்திருக்கிறது, அல்லது மிதவையின் ஊசியில் தூசி.

3. அப்படி நிற்கும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, பெற்றோல் மறுபடி ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளைதான் அடைப்பு. கொஞ்சத் தூரம் நல்லா ஓடி, நின்று, ஐந்து நிமிசம் இருந்தால் திரும்ப ஓடும் பைக்குகளில் பல இந்த வகைதான். செலவு எதுவும் இல்லை, மூடியைக் கழுவினால் போதும்.

4. பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். இலேசான மண்ணிறம் என்றால் நல்லது. வெள்ளை என்றால் பெற்றோல் போதவில்லை. கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடுதல். எயார் பில்டர் அடைத்திருக்கலாம், அல்லது சோக் முழுதாகத் திரும்பி வராமல் இருக்கலாம்.

5. சோக் இழுத்தால் நன்றாக ஓடுகிறது என்றால், பெற்றோல் குறைவாகப் போகிறது என்று அர்த்தம். ஜெட்டில் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்துக் காற்று புகுகிறது. ரப்பரை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரியும்.

6. பெற்றோல் குறையா, கரண்ட் குறையா என்று பிரிக்க ஒரு வழி. பெற்றோல் குறையில் என்ஜின் பெரும்பாலும் மெல்ல மெல்ல அமுங்கும். பிளக் கரண்ட் விட்டுப்போனால் சுவிட்ச் அணைத்தது போல் சட்டென்று வெட்டும், திரும்பச் சட்டென்று பிடிக்கும். மழையில் மட்டும் வெட்டினால் பிளக் மூடியையும் வயரையும் பாருங்கள்.

ஜெட் துளையைக் கம்பியால் குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் அந்த ஜெட் அதோடு சரி. கழுவும் திரவத்தில் ஊற வைத்துக் காற்று அடித்தால் போதும். கார்புரேட்டரைத் திறந்து பழக்கம் இல்லாதவர்கள் 5வது வரை பார்த்துவிட்டு, பார்த்ததைக் கராஜில் சொல்லுங்கள். "ஏத்தத்துல மட்டும், சூடான பிறகு, மூடி திறந்தா சரியாகுது" என்று சொல்லத் தெரிந்தவரிடம் யாரும் தேவையில்லாத சாமான் விற்க மாட்டார்கள்.

புதிய இன்ஜெக்ஷன் பைக் என்றால் வீட்டில் கழற்ற வேண்டாம். மீற்றரில் என்ஜின் விளக்கு எரிகிறதா, எத்தனை தரம் மின்னுகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். டேங்கை எப்போதும் கடைசிச் சொட்டு வரை ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பம்ப் பெற்றோலில் மூழ்கியிருந்துதான் சூடு தணிகிறது.

நுவரெலியா போனால் பைக் சோர்வாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே பெற்றோல் கொடுக்கும். ஆகவே கொஞ்சம் இழுவை குறைவது பழுது இல்லை. திரும்பி இறங்கி வந்தால் சரியாகிவிடும்.

95 ஒக்டேன் அடித்தால் திணறல் போகும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒக்டேன் என்பது சக்தியின் அளவு இல்லை. நேரத்துக்கு முந்தி வெடிக்காமல் தாங்கும் திறன்தான் அது. நம்முடைய சாதாரண 100, 125 சிசி பைக்குகளுக்கு 92 போதும். அடைத்த ஜெட்டை 95 திறந்து விடாது.

மண்ணெண்ணெய் கலப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறும் வரை, லாம்பெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் இருந்த விலை வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். போத்தலில் கை மாறி வந்த பெற்றோலில் என்ன கலந்திருந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். மண்ணெண்ணெய் 150 பாகைக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகாது, ஏற்றத்தில் என்ஜினுக்குள் "டக் டக்" என்று தட்டும், எரியாத எண்ணெய் இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணீராக்கும். சந்தேகம் வந்தால், பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்குமே வடிதாள், அதில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் சில நிமிசத்தில் பறந்துவிடும். இலேசான நிறம் தங்கலாம், எண்ணெய்த் தடம் தங்கக் கூடாது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வதை மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்று நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. கலப்படமும் அதே இனம்தான். அதற்கு விலை கொடுப்பவன், ஏற்றத்தின் நடுவில் பைக் நின்றுபோன ஒரு தகப்பன்.

இனிச் சொல்வது பைக்கை விடப் பெரியது.

கிழமைக்கு 4 லீற்றர் 2023 ஏப்ரலில் 7 ஆனது, மே இறுதியில் 14 ஆனது, செப்டெம்பர் முதலாம் திகதி கியூஆர் முறையே நின்றது. ஆனால் அந்தப் பயம் நம் வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை. யாராவது "பெற்றோல் தட்டுப்பாடாம்" என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும், கேனும் சோடாப் போத்தலும் வெளியே வருகின்றன. கட்டிலுக்குக் கீழே, மாடிப்படிக்குக் கீழே, குசினிக்குப் பக்கத்தில் பெற்றோல் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பட்டினி பார்த்தவன் அரிசி சேர்த்து வைப்பது நியாயம். பெற்றோல் அரிசி இல்லை. வைக்க வைக்கக் கெடும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை அளவிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும் பொருள் அது. அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரம். மேலே பறந்து போகாது, தரையோடு தவழும். சரிவில் கட்டிய நம் வீடுகளில், மேல் அறையில் கசிந்தது கீழே குசினி அடுப்பைத் தேடி வரும். தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்தால் சின்னப் பிள்ளை குடிக்கவும் கூடும். தயவு செய்து இன்றே வெளியேற்றுங்கள். புதியது என்றால் பைக்கில் ஊற்றி ஓடி முடியுங்கள். பழையது என்றால் கராஜில் கொடுங்கள். கானில் ஊற்ற வேண்டாம். நம் கான்களின் தண்ணீர் கடைசியில் மகாவலிக்குத்தான் போகிறது, அந்தத் தண்ணீரைத்தான் நாம் எல்லோரும் குடிக்கிறோம்.

மகனின் பைக் மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். டெப்பை மூடி, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கிண்ணம் காய்ந்துவிடும், பிசின் பிடிக்காது. டேங்கை நிரப்பி வையுங்கள் அல்லது முழுதாக வெறுமையாக்குங்கள். கால்வாசியில் விட்டால்தான் துரு. கிழமைக்கு ஒரு தரம் இரண்டு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பதால் நன்மை இல்லை. மாதம் ஒரு தரம், நம்பிக்கையான ஒருவர் பதினைந்து நிமிசம் ஓடிவிட்டு வரட்டும். பல மாதம் நின்றதை எடுக்கும்போது, பழைய பெற்றோலை இறக்கிவிட்டுப் புதியது ஊற்றுங்கள். முதலில் சம தரையில் ஓடிப் பாருங்கள், அதற்குப் பிறகு ஏற்றம்.

இந்தக் கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு ஜாம் போத்தலோடு உங்கள் பைக்குக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் குந்துங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால், கிளாசுக்குக் கிளாஸ் ஓடும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கோ, சாப்பாட்டுப் பார்சல் கொண்டு ஓடும் பொடியனுக்கோ இதை அனுப்புங்கள். அவர்களுக்கு அந்த பைக் ஒரு வாகனம் இல்லை, ஒரு நாள் வருமானம்.

எல்லோரையும் வீதியில் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.